திட்டிவாசலில் நின்றவள்

பழைய கோட்டைக் கதவை ஒரு தடவையாவது நின்று பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். யானை நுழைகிற உயரத்தில் இரட்டைக் கதவு. அதில் ஒரு கதவின் அடிவயிற்றில், சட்டையில் பை தைத்த மாதிரி, ஒரு குட்டிக் கதவு தனியாகத் திறந்து மூடும். அதற்குப் பேர் திட்டிவாசல். பெரிய கதவைத் திறந்தால் ஊரே உள்ளே வரலாம். திட்டிவாசலைத் திறந்தால் ஒரே ஒரு ஆள் வரலாம், அதுவும் முதுகை வளைத்து, காலைத் தூக்கி வைத்து. இதைச் சொல்லிவிட்டுத்தான் அக்காவைப் பற்றிப் பேச முடியும். அவளுடைய ஆயுசில் பாதி அந்தக் குட்டிக் கதவுக்கு வெளியே நின்றே கழிந்தது. அவளுக்கும் சொந்தப் பேர் ஒன்று இருந்தது, சம்பளம் கொடுக்கிற அன்று மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் எல்லோருக்கும் அவள் திட்டி அக்கா.

அந்தக் கோட்டைக்குள் இப்போது ராஜாவும் கிடையாது, படையும் கிடையாது. ஆயத்த ஆடை தைக்கிற கம்பெனி நடக்கிறது. முதலாளி இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஒரு காலத்தில் குதிரை கட்டிய கொட்டடிகளில் தையல் மெஷின்களை வரிசையாகப் போட்டுவிட்டார். சுவரின் கனத்துக்கு வெயிலும் உள்ளே வராது, காற்றும் வராது. பின்பக்கம் மதில் சரிந்து கிடந்த இடத்தில் லாரிக்கு ஒரு வழி போட்டார்கள். அது துணிக்கு மட்டும். தைத்த துணி அந்த வழியில் ராஜா மாதிரி நிமிர்ந்து போகும். தைத்த பெண்கள் முன்பக்கமாகத்தான் வர வேண்டும், முன்பக்கமாகத்தான் போக வேண்டும். முன்பக்கம் என்றால் திட்டிவாசல்.

பெரிய கதவைத் திறந்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அதைத் திறக்க முடியாது. கதவுக்குப் பின்னால் கல் கூரை போட்ட நீளமான நடைவழி ஒன்று உண்டு. தள்ளுவண்டி ஓட வசதியாக அந்த நடைக்குத் தரை போட வந்த கொத்தனார், கதவின் காலையும் சேர்த்துச் சிமெண்டில் புதைத்துப் பூசிவிட்டுப் போய்விட்டார். "இனிமே புயலடிச்சாலும் ஆடாது சார்" என்று மேனேஜரிடம் பெருமை வேறு பேசினாராம். அந்த ஆளை என்ன செய்தால் தகும்? ஆனால் மேனேஜர் அவரைத் திட்டவில்லை. கதவு மூடியே இருப்பது அவருக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. ஒவ்வொருத்தியாக வந்தால் ஒவ்வொருத்தியாகச் சோதிக்கலாம்.

அக்காவும் முதலில் மெஷினுக்குத்தான் வந்தாள். காலர் தைத்தாள். வந்த முதல் நாளே திட்டிவாசலின் நிலைச்சட்டத்தில் மண்டையை இடித்துக்கொண்டாள். அங்கே இடித்துக்கொள்ளாமல் வேலைக்குச் சேர்ந்தவள் என்று ஒருத்தியைக் காட்ட முடியாது. புதிதாக வருகிறவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நுழைந்தால், "இடிச்சுக்கிட்டியா? அப்ப உன் வேலை நிரந்தரம்டி" என்று பழைய ஆட்கள் கேலி செய்வார்கள். அக்காவின் விரல்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும், இது எந்தத் துணிமூட்டையில் வந்தது, என்ன தரம் என்று சொல்லிவிடுவாள். வாசலில் ஒரு ஆண்பிள்ளை நின்று பெண்களைச் சோதிக்கிறானே என்று முணுமுணுப்பு கிளம்பி, அது முதலாளி காது வரை போனபோது, மேனேஜருக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வந்தன.

"வாசல்ல நிக்கிறியா?" என்று கேட்டார்.

"நிக்கிறேன் சார். ஆனா என் தங்கச்சிக்கு உள்ள ஒரு மெஷின் குடுக்கணும்."

தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவள்தான், ஆனால் பெற்ற பிள்ளை மாதிரி. அம்மா போகும்போது அதற்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. தலை வாரிவிட்டு, பாடம் கேட்டு, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தது எல்லாம் அக்காதான். கல்யாணம் என்று ஒன்று வந்து தட்டிப் போனதைப் பற்றி அவள் பேசுவதில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். ஒரே கட்டில். அதில் தங்கச்சி படுப்பாள், அக்கா கீழே படுப்பாள். மேனேஜர் சரியென்றதும், தங்கச்சிக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் கிடைத்தது. அக்காவுக்கு வாசல் கிடைத்தது.

அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். அவள் வெளியே, கதவின் வலப்பக்கம் ஒட்டி நிற்பாள். பக்கத்தில் ஒரு மேஜை. உள்ளே இருந்து வருகிறவளுக்கு முதலில் தலை வெளியே வரும். பிறகு விழாமல் இருக்க இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொள்வாள். பிறகு ஒரு கால். வெளிப்பக்கம் படி ஆழம், பார்த்து இறங்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பெண்ணால் எதையும் மறைக்க முடியாது, எதையும் இடம் மாற்ற முடியாது என்பதை அக்கா யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்துவிட்டாள். இறங்கி நிமிர்ந்ததும் கையைத் தூக்க வேண்டும். அக்குளில் தொடங்கி இடுப்பு வரை, இடுப்பைச் சுற்றி, அப்படியே கணுக்கால் வரை அவள் கை ஓடி முடிந்துவிடும். ஆரம்பத்தில் "கையத் தூக்கு, கையத் தூக்கு" என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தாள். போகப் போகச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. இடுப்பில் விரல் பட்டால் போதும், சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிற மாதிரி இரண்டு கையும் தானாக மேலே போகும்.

முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். "மூஞ்சியப் பாத்தா கை பொய் சொல்லும்" என்பாள்.

நூல்கண்டு, ஜிப், பட்டன் அட்டை என்று அவள் கையில் அகப்பட்டதெல்லாம் மேஜைக்குப் போகும். ரொம்பவும் அகப்பட்டது வேஸ்ட் துணி. வெட்டி ஒதுக்கிய துண்டுகளை மூட்டை கட்டி எடைக்கு விற்பார்கள். அதில் உள்ளங்கை அகலம் எடுத்தாலும் திருட்டு என்று கம்பெனி எழுதி ஒட்டியிருந்தது. ஒட்டியிருப்பதைப் படித்துத்தானே வேலைக்கு வந்தார்கள் என்று அக்கா சொல்வாள். ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாலும் விட மாட்டாள். "வாசல்ல எனக்கு மாமன் மச்சான் கிடையாது, தங்கச்சியும் கிடையாது" என்று வாய்விட்டுச் சொல்லுவாள். சொன்னபடி நடந்தும் காட்டினாள். ஊரார் நாக்கில் விழக்கூடாது என்று, மற்றவர்களை ஒரு தடவை தடவினால் தங்கச்சியை இரண்டு தடவை தடவினாள். இந்த நேர்மை அவளுக்குத் தலைக்கேறித்தான் இருந்தது, அதை மறைத்துச் சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

தங்கச்சிக்குப் பக்கத்து மெஷினில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற ஒருத்தி இருந்தாள். வாயாடி. நாள் முழுக்கச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பாள். ஒரு சாயங்காலம் அவள் இடுப்பில் அக்காவின் கை நின்றது. உள்ளே மடித்துச் செருகிய வேஸ்ட் துணி.

காஜாக்காரி அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, எதுக்குன்னு தெரியலயா உனக்கு? நீயும் பொம்பளதானே."

அக்காவுக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் அதை மேஜைமேல் வைத்தாள். காஜாக்காரியை அன்றோடு கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

அன்று தங்கச்சி சாப்பாட்டில் கை வைக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "விட்டிருக்கலாமில்ல" என்றாள்.

"ஒருத்திய விட்டா எல்லாரும் எடுப்பாங்கடி."

"எல்லாருக்கும்தானே வேணும்."

அக்கா சாப்பாட்டை மூடி வைத்தாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அளவெடுக்கிறவர் வந்தார். பழைய கட்டடங்களைக் கவனிக்கிற அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். ஒல்லியான மனிதர், இடுப்பில் ஒரு டேப், காதில் ஒரு பென்சில். மதிலைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் திட்டிவாசலுக்கு வந்தார். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அக்கா பிடித்துக்கொண்டாள்.

"இதுக்குப் பேரு தெரியுமாம்மா?"

"என் பேருலயே பாதி அதுதான் சார். திட்டிவாசல்."

அவர் சிரித்தார். "திட்டின்னா என்னன்னு தெரியுமா?"

"குனியாம போனா மண்டையில இடிச்சுத் திட்டும். நாங்க அப்படித்தான் சொல்லிக்குவோம்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது இல்ல. திட்டின்னாலே சின்னக் கதவுதான். பக்கத்து மொழிகள்லயும் கிட்டத்தட்ட இதே சொல்லு இருக்கு. அங்கேருந்து இங்க வந்துச்சா, இங்கேருந்து அங்க போச்சான்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க. பழைய தமிழ்ல திட்டின்னா பார்வைன்னும் அர்த்தம் இருக்கு. அதனால ஆளப் பாத்து உள்ள விடற வாசல்னு சொல்றவங்களும் உண்டு. எனக்கு அது அவ்வளவா ஒட்டல. அடிச்சுச் சொல்றதுக்கு யாருகிட்டயும் ஒண்ணும் இல்ல."

"சொல்லு எங்கேருந்தோ வந்துட்டுப் போகுது சார். இவ்வளவு பெரிய கதவு செய்யத் தெரிஞ்சவங்க, இதை ஏன் இப்படி மண்டை இடிக்கற மாதிரி வெச்சாங்க?"

கேள்வி அவருக்குப் பிடித்துவிட்டது. டேப்பைச் சுருட்டிப் போட்டுவிட்டு, தானே வெளியே நின்று குனிந்து உள்ளே நுழைந்து காட்டினார். "கோட்டைய மூடினப்புறம் ஒருத்தன் வந்து கதவத் தட்டறான்னு வெச்சுக்கங்க. நம்மாளா எதிரியான்னு தெரியாது. பெரிய கதவத் திறக்க முடியாது. இதைத்தான் திறப்பாங்க. குனிஞ்சாத்தான் வர முடியும். தலை முதல்ல வருதா? கழுத்து நீட்டிக்கிட்டு வருது பாருங்க. ரெண்டு கையும் நிலையப் பிடிச்சிருக்கு, கத்திய உருவ முடியாது. காலு ஒண்ணு அந்தப் பக்கம், ஒண்ணு இந்தப் பக்கம். திரும்பி ஓடவும் முடியாது. இதோ இங்க, பக்கத்துல ஒட்டினாப்ல ஒருத்தன் வாளோட நிப்பான். சந்தேகம்னா ஒரு வெட்டு. பின்னாடி நிக்கறவனுக்கு, முன்னாடி போனவன் என்ன ஆனான்னே தெரியாது."

அக்கா அவர் காட்டிய இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ஆளு எங்க நிப்பான் சார்? உள்ளயா?"

"உள்ளதான். எதிரி வெளியிலேருந்துதானே வருவான்?"

"நான் வெளிய நிக்கிறேனே சார். எனக்குத் தலைய நீட்டறது உள்ள இருக்கிறவங்கதானே. அப்ப எனக்கு எதிரி யாரு?"

வேடிக்கையாகக் கேட்கிறாள் என்று நினைத்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். உயரம் அகலம் எல்லாம் குறித்துக்கொண்டு, கதவின் கால் சிமெண்டில் புதைந்திருப்பதைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சங்கு ஊதி முதல் தலை வெளியே வந்தபோது அக்காவுக்குக் கை ஓடவில்லை. அத்தனை வருஷமும் இடுப்பையே பார்த்தவள், அன்றுதான் கழுத்துகளைப் பார்த்தாள். ஒன்றன்பின் ஒன்றாகக் குனிந்த பிடரிகள். பஞ்சுத்தூசி ஒட்டிய பிடரி, வேர்க்குரு வெடித்த பிடரி, சுளுக்குக்கு எண்ணெய் தேய்த்த பிடரி. எல்லாம் அவள் கைக்குக் கீழே நீட்டிக்கொண்டு வந்தன. ஆனாலும் தடவினாள். வேலை ஆயிற்றே.

தங்கச்சியின் தலையும் வந்தது. பிடரியில் எலும்பு எண்ணிவிடலாம் போல் இருந்தது. தோல் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்திருந்தது. இவள் எப்போது இப்படி ஆனாள்? ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, தினமும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தும் இது எப்படித் தெரியாமல் போயிற்று?

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டாள். "உடம்புக்கு என்னடி?"

"ஒண்ணுமில்ல. தூக்கம் சரியில்ல."

"டாக்டர்கிட்ட போவோமா?"

"லீவு யாரு குடுப்பா? விடுக்கா."

அக்கா விட்டுவிட்டாள். ஆனால் மறுநாளே மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள். அப்படிப் போய் நிற்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"சார், அந்தக் கதவு காலைச் சுத்தி சிமெண்ட உடைச்சுட்டா பெரிய கதவத் திறந்துடலாம். சோதனைய நான் வெளி முற்றத்துல வெச்சுப் பாத்துக்கறேன். சங்கு ஊதினா எல்லாரும் அந்த நடையில அடைஞ்சு நிக்கறாங்க. காத்தே இல்ல. ஒருத்தி மயங்கி விழுந்தா தூக்கிட்டு வர வழியில்ல சார்."

மேனேஜர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அது பழைய கதவு. கை வெக்கறதுக்கு அனுமதி வாங்கணும்."

"சிமெண்ட் பூசறப்ப வாங்கினீங்களா சார்?"

இப்போது தலையைத் தூக்கினார். "நீ வாசலப் பாரு. கதவ நான் பாத்துக்கறேன். உனக்கு நிக்க முடியலன்னா சொல்லு, வேற ஆள் நிப்பாங்க. உன் தங்கச்சியும் வீட்ல நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்."

அவர் சொன்னது என்ன என்று புரியாத அளவுக்கு அக்கா மக்கு இல்லை. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு வார்த்தை அதிகம் பேசினால் இரண்டு பேர் சோறும் போய்விடும் என்ற பயம் அவளைக் கவ்விக்கொண்டது. அந்தப் பயத்தில்தான் அடுத்து வந்த தப்பையும் செய்தாள்.

ஒரு காலையில் வேலைக்கு வரும்போது, திட்டிவாசலுக்கு முன்னால் தங்கச்சி நின்றுவிட்டாள். உள்ளே போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"அக்கா, சாயந்திரம் என்னைய முதல்ல விட்டுடேன். அந்த நடையில நிக்க முடியலக்கா. கண்ணு இருட்டுது."

பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். லைன் சூப்பர்வைசர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சரியென்று சொல்ல வாய் வரை வந்தது. வந்த வார்த்தை வேறாகப் போயிற்று.

"வரிசையில வாடி. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?"

தங்கச்சி நிலையிலிருந்து கையை எடுத்தாள். தலையைக் குனிந்து உள்ளே போனாள்.

அன்று ஒரு பெரிய ஆர்டர் முடிந்து எல்லா லைனையும் ஒரே சமயத்தில் விட்டார்கள். நடை நிரம்பி வழிந்தது. அக்கா வெளியே நின்று ஒவ்வொருத்தியாகத் தடவி அனுப்பிக்கொண்டிருந்தாள். மனசுக்குள், சீக்கிரம் சீக்கிரம் என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளே ஒரு சத்தம் எழுந்தது. தலையை நீட்டிக்கொண்டிருந்த பெண், பாதி வெளியே பாதி உள்ளே நின்றபடியே சொன்னாள்: "யாரோ விழுந்துட்டாங்கக்கா."

"யாரு?"

உள்ளே யாரோ யாரையோ கேட்டார்கள். பதில் தலை தலையாகத் தாண்டி வந்தது. "திட்டி அக்கா தங்கச்சி."

அக்கா அந்தப் பெண்ணை இழுத்து வெளியே விட்டுவிட்டு, தான் குனிந்து உள்ளே தலையை நுழைத்தாள். கால்கள் மட்டும்தான் தெரிந்தன, காடாகக் கால்கள். "நகருங்க, பின்னாடி போங்க" என்று கத்தினாள். முன்னால் இருந்தவர்கள் நகரப் பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாது, வரிசை ஓடுகிறது என்று நினைத்து இன்னும் தள்ளினார்கள். லாரி வழியில் கொண்டுபோகலாம் என்றால், அது இந்தக் கூட்டத்தை எல்லாம் தாண்டி அந்தக் கோடியில் இருந்தது. அந்த வழிக்குப் போட்ட கேட்டின் சாவி மேனேஜர் பையில் இருந்தது. நாலைந்து பேர் சேர்ந்து தங்கச்சியைத் தூக்கித் தலைக்கு மேல் கொடுத்தார்கள். கை மாறிக் கை மாறி அவள் திட்டிவாசல் வரை வந்தாள்.

அங்கே வந்து மாட்டிக்கொண்டாள். நிற்கிற ஆள் குனிந்து வரலாம். படுத்திருக்கிற ஆளை எப்படி வளைப்பது? மேலே நிலை, கீழே படி. பக்கவாட்டில் திருப்பினால் தோள் இடித்தது. கடைசியில் தலையை முன்னால் கொடுத்தார்கள். அக்கா வெளியே நின்று அக்குளுக்குள் கையைக் கொடுத்து மூட்டையை இழுக்கிற மாதிரி இழுத்தாள். முதுகு படியில் உரசியது. கால் நிலையில் இடித்தது. ஆழப் படியில் அக்கா தடுமாறி உட்கார, தங்கச்சி அவள் மடியில் வந்து விழுந்தாள்.

அப்புறம் நடந்ததை, அங்கே சோதனை முடிந்து நின்றுகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். அக்காவின் கை அக்குளிலிருந்து இறங்கியது. விலாவில் ஓடியது. இடுப்பைச் சுற்றி வந்தது. மடியில் நினைவில்லாமல் கிடக்கிற சொந்தத் தங்கச்சியை அந்தக் கை சோதனை போட்டுக்கொண்டிருந்தது. அவள் சொல்லிச் செய்யவில்லை. கை அதுபாட்டுக்குச் செய்தது. இடுப்பின் வலப்பக்கம் ஒரு மடிப்பில் வந்து நின்று, விரல்கள் அதை உருவி வெளியே எடுத்த பிறகுதான் அக்காவுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது.

வேஸ்ட் துணி. அழகாக மடித்த துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஓரம் அடித்திருந்தது. அந்த ஓவர்லாக் தையல் யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டே அக்காவால் சொல்ல முடியும். தங்கச்சியின் உடுப்பு இடுப்புக்குக் கீழே நனைந்து கனத்திருந்தது. அக்காவின் மடியும் சிவப்பாக நனைந்துகொண்டிருந்தது.

திட்டிவாசலில் சூப்பர்வைசரின் தலை தெரிந்தது. நிலையைப் பிடித்துக் குனிந்தபடி கேட்டார்: "என்னக்கா அது கையில?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா. துண்டுகளைத் தன் உடுப்புக்குள் செருகிக்கொண்டாள். வாசலில் நின்ற காலம் பூராவும் அவள் சொன்ன முதல் பொய் அதுதான். வெளியே நின்ற பெண்களில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருத்தி ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். கருப்பையில் கட்டி என்றார்கள், மாசக்கணக்காக ரத்தம் போயிருக்கிறது என்றார்கள், உடம்பு கொஞ்சம் தேறியதும் அறுத்து எடுத்துவிடலாம், பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்ட பிறகுதான் அக்கா சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். நர்ஸுக்குக் கோபம் தாங்கவில்லை.

"உடம்புல ரத்தமே இல்லம்மா. இவ்வளவு நாளா வீட்ல யாரும் கவனிக்கலயா? கூட இருக்கிறது யாரு?"

"நான்தான்."

"நீங்க பாக்கலயா?"

"தினமும் தொட்டுத்தான் பாத்தேன்" என்றாள் அக்கா. நர்ஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் வார்டு அமைதியாக இருந்தது. ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. தங்கச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? யாரிடம் சொல்லியிருப்பாள்? காஜாக்காரி சொன்னாளே, என்ன கிடைத்தது அவளுக்கு?

போன் அடித்தது. சூப்பர்வைசர். தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "வாசல்ல ஆள் இல்லக்கா. மேனேஜர் நாளைக்கு உங்கள வரச் சொன்னாரு."

"கதவு காலுல இருக்கிற சிமெண்ட உடைச்சாச்சா?"

"எந்தக் கதவு?"

"பெரிய கதவு."

"அதெல்லாம் இப்ப எங்கக்கா..."

"உடைச்சுட்டு கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள். சோறு போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பக் கூப்பிடவில்லை.

தங்கச்சி புரண்டதில் போர்வை நழுவிக் காலடியில் கிடந்தது. அக்கா எழுந்து அதை இழுத்து விட்டாள். இடுப்பு வரை கொண்டுவந்து ஓரத்தைச் செருகும்போது, அவள் விரல் தங்கச்சியின் இடுப்பில் பட்டது.

தங்கச்சியின் இரண்டு கையும் மேலே போயின.

கண் திறக்கவில்லை. தூக்கத்தில்தான் இருந்தாள். ரத்தம் ஏறுகிற ஊசி குத்தியிருந்த கையும் சேர்ந்தே போயிற்று. குழாய் இழுபட்டு ஸ்டாண்டு ஆடியது. தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைந்து தங்கச்சி சொன்னாள்:

"ஒண்ணும் இல்லக்கா."

அக்கா முதலில் ஊசி குத்திய கையை மெல்ல இறக்கிப் படுக்கையில் வைத்தாள். பிறகு அடுத்த கையை இறக்கினாள். ஸ்டாண்டைப் பிடித்து நிறுத்தினாள். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டாள். போர்வை பாதியில் நின்றிருந்தது. நர்ஸ் வந்து இழுத்துப் போர்த்துகிற வரைக்கும் அவள் அதைத் தொடவில்லை.